காமிக்ஸ் அட்டைப்படம் வரைவது எப்படி? மண்டபத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தில் இருந்துகொண்டு காமிக்ஸ் அட்டைகள் வரைகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ராமநாதபுரம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கமிருந்து படம் வரையும் பிள்ளைகள் நோட்டும் கையுமாக வருவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போகிறது. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து இங்கே வைக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரே அட்டையை எடுத்துக்கொள்கிறேன். 48 பக்கக் கதை. பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் ஒரு பெண், தண்ணீருக்கடியில் வலையில் சிக்கிய ஆவுளியாவைப் பார்க்கிறாள். ஆவுளியா என்றால் கடல்பசு. அந்த வலை அவளுடைய சொந்தத் தம்பியின் வலை. மீதிக் கதை அங்கிருந்து போகிறது.

அக்கா, அட்டைப்படம்னா கதையில வர்ற நல்ல சீன் ஒன்னைப் பெருசா வரையிறதுதானே?

எல்லோரும் முதலில் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் உள்ளே இருக்கும் கட்டத்துக்கு முன்னால் ஒரு கட்டம், பின்னால் ஒரு கட்டம், பேச்சுக் குமிழ் என்று துணை இருக்கிறது. அட்டைக்கு யாரும் துணையில்லை. பேருந்து நிலையத்துக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கும்போது, கதையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிறார். யார் இது, எங்கே இருக்கிறாள் என்ற இரண்டு கேள்விக்கும் அட்டை உடனே பதில் சொல்ல வேண்டும். அடுத்து என்ன ஆகப்போகிறது என்ற மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லவே கூடாது.

நம் கதையில் பெரிய காட்சி, அவள் கத்தியால் வலையை அறுப்பது. உள்ளே இரண்டு பக்கத்துக்கு விரிகிறது. அதை அட்டையில் போட்டிருந்தால் அவள் என்ன முடிவெடுத்தாள் என்பது கடையிலேயே தெரிந்துவிடும். அதனால் அவள் அதைக் கண்ட நொடியை எடுத்தேன். மூச்சை அடக்கியிருக்கிறாள், கை பாதியில் நிற்கிறது, இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை.

முதல்ல எதுல ஆரம்பிக்கணும்? பென்சிலை எடுத்தா கையே ஓட மாட்டேங்குது.

கதையை இரண்டு தரம் படியுங்கள். அப்புறம் ஒரு துண்டுத் தாளில் ஒரே வரி எழுதுங்கள்: இந்த அட்டையைப் பார்ப்பவருக்கு என்ன தோன்ற வேண்டும்? நான் எழுதியது "இவள் எதையோ பார்த்துவிட்டாள், பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறாள்". அந்த வரி எழுத முடியாவிட்டால் படமும் வராது. கை ஓடாததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அடுத்து, தீப்பெட்டி அளவில் கட்டங்கள் போட்டு, தடிமனான ஸ்கெட்ச் பேனாவால் பதினைந்து இருபது சின்னப் படங்கள். அழிப்பான் வேண்டாம். முதல் ஐந்தாறு எல்லோருக்கும் தோன்றுவதாகவே இருக்கும்: பாதி தண்ணீர் பாதி வானம், கீழே அவள் மேலே படகு. அவற்றை வரைந்து தீர்த்தால்தான் அடுத்தது வரும். எனக்குப் பன்னிரண்டாவது கட்டத்தில் வந்தது: முகம் மட்டும், நேராக நம்மைப் பார்க்கிறாள், நீச்சல் கண்ணாடியின் ஒரு சில்லில் ஆவுளியா, இன்னொன்றில் வலை.

தீப்பெட்டி அளவுல என்னக்கா தெரியும்? கண்ணு மூக்கே வராதே.

வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த அளவு. கண், மூக்கு வரைய இடம் கொடுத்தால் மனசு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே, பெரிய உருவம் எந்தப் பக்கம் சாய்கிறது, இவை மட்டும்தான் இந்தக் கட்டத்தில் வேலை. முடித்தவற்றைச் சுவரில் ஒட்டிவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். எது என்னவென்று புரியவில்லையோ அதைக் கிழித்துவிடலாம்.

இந்த அட்டையிலேயே அது நடந்தது. முதலில் அவளை முழு உருவமாக, சுற்றிலும் பார் (கடலடிப் பாறை), மீன், பாசி எல்லாம் வைத்து வரைந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி அரிசி அளவு. அதற்குள் ஆவுளியாவை எப்படிக் காட்ட முடியும்? அடுத்த கட்டத்தில் இடுப்புவரை, அதற்கடுத்து தோள்வரை, கடைசியில் முகம் கட்டத்தின் பெரும்பகுதியை நிறைக்கும் வரை கொண்டுவந்தேன். மீன்கள் எல்லாம் போய்விட்டன. அச்சில் ஒவ்வொரு சில்லும் ஏழு சென்டிமீட்டர் அகலம் வந்தது.

பதிப்பகத்துக்கு எத்தனை ரஃப் அனுப்பணும்?

மூன்று. கூடுதலாக அனுப்பினால் இதிலிருந்து தலையும் அதிலிருந்து உடம்பும் கேட்பார்கள். வரைய விருப்பமில்லாத ஒன்றை எண்ணிக்கைக்காகச் சேர்க்க வேண்டாம். அதையே தேர்ந்தெடுத்தால் பத்து நாள் அதோடுதான் குடியிருக்க வேண்டும்.

என்ன அளவுல வரையிறது? ஏ4 தாள் போதுமா?

அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரையுங்கள். சுருங்கும்போது கோட்டின் நடுக்கம் மறையும். அமெரிக்க மாத காமிக்ஸ் 6.625 x 10.25 அங்குலம், அதை 11 x 17 அங்குல அட்டையில், 10 x 15 அங்குலப் பரப்புக்குள் வரைவது அங்கே வழக்கம். நமக்கு ஏ4 புத்தகம் என்றால் ஏ3-இல் வரைந்தால் கணக்கு சரியாக இருக்கும்.

வெட்டும்போது கத்தி இம்மி விலகும். அதற்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் இருக்க வேண்டும். அச்சகத்தில் பிளீட் என்பார்கள். ஏ4 என்பது 210 x 297 மில்லிமீட்டர். பிளீடோடு 216 x 303. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: முக்கியமான எதையும் வெட்டுக்கோட்டுக்கு உள்ளே ஒரு சென்டிமீட்டருக்குள் வைக்காதீர்கள். விரல் நுனியோ எழுத்தோ விளிம்பில் மாட்டினால் வெட்டுப்பட்டது போலவே தெரியும்.

ரெஃபரன்ஸ் படத்தை நெட்ல எடுத்துக்கலாமா? எல்லாமே கிடைக்குதே.

கிடைக்கும், ஆனால் எது கிடைக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். கடல்பசு என்று தேடினால் வரும் படங்களில் பல மானட்டி. அது அட்லாண்டிக் பக்கத்து உயிரினம். அதன் வால் வட்டமான அகப்பை போல இருக்கும். நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பக்கமும் இருக்கும் ஆவுளியாவின் வால் திமிங்கிலத்தின் வால் போல நடுவில் பிளந்திருக்கும். மூக்குப் பகுதி கடற்புல் மேய்வதற்கு வாகாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். மாற்றி வரைந்த படத்தை இந்தக் கரையில் யாரிடம் காட்டினாலும் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்கள்.

பாம்பன் பாலமும் அப்படித்தான். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் பகுதி, இரண்டு கையாகப் பிரிந்து மேலே தூக்கியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் போல நேராக மேலே ஏறும். பக்கத்தில் ஓடும் சாலைப் பாலம் 1988-இல் வந்தது. கதை 1970-இல் நடக்கிறதென்றால் பழைய ரயில் பாலம் ஒன்றுதான் இருக்க வேண்டும். 1964 டிசம்பர் புயலுக்கு முந்திய தனுஷ்கோடி என்றால் ரயில் நிலையமும் தேவாலயமும் கூரையோடு நிற்க வேண்டும். இப்போது நாம் போய் எடுக்கிற போட்டோவில் இருப்பது இடிபாடு. ஆண்டை முதலில் கேளுங்கள், அப்புறம் போட்டோவைத் தேடுங்கள்.

நெட்டில் எனக்குக் கிடைக்காதது கை. பாசி எடுக்கும் பெண்கள் பழைய துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக்கொள்வார்கள், பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிடுங்கும்போது விரல் கிழியாமல் இருக்க. கரைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது: கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டிலும் துணி தடியாக, சுண்டுவிரலில் ஒரே சுற்று. நனைந்த துணியின் ஓரம் நூல் பிரிந்து தொங்குகிறது. கழற்றினால் விரல் நுனி வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. ஒரு காலைப்பொழுது முழுக்க அந்தக் கைகளை மட்டும் வரைந்தேன். அட்டையில் கீழ் மூலையில் தெரியும் பாதிக் கை அங்கிருந்து வந்ததுதான்.

அந்தப் பாசி எடுக்குற அக்காவோட முகத்தையே போட்டுட்டீங்களா? கேட்டீங்களா?

கேட்டேன். முகம் வேண்டாம், கையை வேண்டுமானால் வரைந்துகொள் என்று சொன்னார். அதனால் முகம் நானே உருவாக்கியது. என் சித்தி மகளை உட்காரவைத்து வெளிச்சம் மட்டும் பார்த்துக்கொண்டேன். அட்டை என்பது நூற்றுக்கணக்கான கடைகளில் தொங்கும் படம். ஊரில் உள்ள ஒருவரின் முகத்தை அவர் சம்மதமில்லாமல், அதுவும் கதைக்குள் ஒரு குற்றம் நடக்கும்போது, போடவே கூடாது. ஆவுளியா 1972-இன் வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடித்த வலை என்ற கதையில் தெரிந்த முகம் இருந்தால் ஊரில் என்ன பேச்சு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பென்சில்ல உயிரோட இருக்கு, மை போட்டதும் செத்துப்போவுது. ஏன்?

பென்சில் கோட்டை அப்படியே பின்தொடர்வதால். பென்சிலில் ஒரே இடத்தில் நாலு கோடு இருக்கும். கண் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மையில் ஒன்றுதான் இருக்க முடியும், அதைத் தயங்கித் தயங்கி இழுத்தால் கம்பி மாதிரி ஆகிவிடும். தோளிலிருந்து இழுங்கள், மூச்சை விட்டுக்கொண்டே. தாளைத் திருப்பிக்கொள்ளலாம், கையை முறுக்க வேண்டாம்.

கோட்டின் தடிமன் அடுத்தது. வெளிச்சம் விழும் பக்கம் மெல்லிசு, நிழல் பக்கம் தடிசு. கிட்டே இருப்பது தடிசு, தூரத்தில் இருப்பது மெல்லிசு. தண்ணீருக்குள் இருக்கும் தலைமுடிக்கு நிப் வேண்டாம், இரண்டாம் நம்பர் பிரஷ் எடுங்கள். நுனி அழுத்தத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும்போது முடி தானாக அலையும். பெரிய கறுப்புகளை முதலில் நிரப்புங்கள். எங்கே நிரப்ப வேண்டும் என்பது அந்தத் தீப்பெட்டிப் படத்திலேயே இருக்கிறது, அதைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

நம்ம ஊரு உப்புக்காத்துல நிப்பு துருப்பிடிக்குது, பேப்பர் சுருளுது. என்ன பண்ணட்டும்?

வேலை முடிந்ததும் நிப்பை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு பொட்டு தேங்காய் எண்ணெய் தடவி மூடிய டப்பாவில் போடுங்கள். மறுநாள் சோப்புத் தண்ணீரில் எண்ணெயைப் போக்கிவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் மை பிடிக்காது. தாள்களைத் தடித்த பாலிதீன் உறையில், சிலிக்கா பொட்டலங்களோடு, படுக்கைவசத்தில் வையுங்கள். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் மை காய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். மேலே இருந்து கீழே, இடமிருந்து வலம் என்று வரைந்தால் உள்ளங்கை ஈரத்தில் படாது. இடது கைக்காரர்கள் வலமிருந்து தொடங்குங்கள்.

டேப்லெட் இல்லாம முடியாதாக்கா?

முடியும். 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது யாரிடமும் டேப்லெட் இல்லை; அட்டைகள் பிரஷ்ஷும் பெயின்ட்டுமாகத்தான் தீட்டப்பட்டன. கையால் மை வரைக்கும் போட்டு, 600 டி.பி.ஐ.-இல் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, வண்ணத்தை மட்டும் கம்ப்யூட்டரில் செய்யலாம். கிருட்டா என்ற மென்பொருள் இலவசம். அச்சுக்கு வேண்டிய சி.எம்.ஒய்.கே.-இல், அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைக் கணக்கில், வேலை செய்ய விடும். போனில் போட்டோ எடுத்து அனுப்புவது மட்டும் வேண்டாம். ஓரங்கள் வளையும், வெள்ளைத் தாள் மஞ்சளாகும்.

கலர் எங்கேயிருந்து தொடங்குறது? எதைப் போட்டாலும் சந்தைக்கடை மாதிரி ஆயிடுது.

கறுப்பு வெள்ளையில் தொடங்குங்கள். ஸ்கேன் செய்த படத்தில் வெளிர், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே சாம்பல் நிறங்களை வைத்து முழு அட்டையையும் நிரப்புங்கள். அது நன்றாக இருந்தால் மேலே எந்த வண்ணம் வந்தாலும் படம் நிற்கும். அப்புறம் தனி லேயரில் (மேலே விரிக்கும் தனி அடுக்கில்) ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே தட்டையான வண்ணம்: தோல், முடி, துணி, தண்ணீர். இதை ஃப்ளாட் என்பார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பிறகு ஒரு சொடுக்கில் எந்தப் பகுதியையும் தேர்ந்தெடுத்து மாற்றலாம்.

ஒரு அட்டைக்கு ஒரு வண்ணம் அரசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் அது கடல். அதற்கு எதிராக ஒரே ஒரு சூடான வண்ணம், அவள் விரலில் சுற்றிய காவித் துணி. மற்ற எல்லாம் கடலின் பக்கம் சாய்ந்து நிற்கும். தோலின் நிழல்கூட நீலப்பச்சைதான். இது தண்ணீருக்குள் உண்மையும்கூட: ஒளியில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்கும். ஆழம் போகப் போகச் சிவப்புத் துணி பழுப்பாகத் தெரியும். பாசி எடுப்பது ஆழமில்லாத இடம் என்பதால் காவி இன்னும் மிச்சமிருக்கிறது.

ஸ்க்ரீன்ல கடல் பளபளன்னு இருந்துச்சு, அச்சுல வந்தா சாம்பல் பூத்துப்போச்சு. பிரஸ்காரங்க தப்பா?

பெரும்பாலும் அவர்கள் தப்பு இல்லை. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மையை வெள்ளைத் தாளில் வைத்து, தாளின் ஒளியைக் குறைத்து நிறம் காட்டுகிறது. திரையில் தெரியும் எல்லா நிறத்தையும் மையால் தொட முடியாது. துரதிர்ஷ்டவசமாக, முதலில் அடிபடுவது நம் கடலின் அந்தப் பச்சைநீலம்தான்.

என் வழி இது. தொடக்கத்திலிருந்தே சி.எம்.ஒய்.கே.-இல் வேலை செய்கிறேன். கடலின் வெளிச்சமான பகுதியில் மெஜந்தாவும் கறுப்பும் சுழியம். சயான் 65 சதவீதம், மஞ்சள் 25 சதவீதம் அளவில் வைத்தால் சுத்தமான பச்சைநீலம் கிடைக்கும். மூன்று மையும் ஒன்று சேரும்போதுதான் சாம்பல் பூக்கும், ஆகவே மூன்றாவதை உள்ளே விடாதீர்கள். ஆழமான நீலத்துக்கு மெஜந்தா வேண்டும், ஆனால் சயானைவிடக் குறைந்தது 30 குறைவாக இருக்கட்டும், நெருங்கினால் ஊதாவாகிவிடும். மினுக்கம் வேண்டிய இடத்தில் மையே வேண்டாம், தாளின் வெள்ளையை விட்டுவிடுங்கள். பக்கத்தில் அந்தக் காவித் துணி இருப்பதால் பச்சைநீலம் இன்னும் ஒரு படி கூடுதலாகத் தெரியும்.

எந்தக் கடல் என்றும் யோசியுங்கள். மண்டபத்தில் ரோட்டுக்கு வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் கலங்கி அலையடிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். வாடையில் இது தலைகீழ். கதை எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரியாமல் வண்ணம் தொட்டால், எங்கேயும் இல்லாத ஒரு கடல்தான் வரும்.

ராத்திரி சீன் அட்டை, முழுக்க இருட்டா வந்துருச்சு. கறுப்பைக் குறைக்கணுமா?

இரண்டு விஷயம். முதலாவது மை அளவு. கோட்டுக்குக் கறுப்பு மை 100 மட்டும் போதும். பெரிய கறுப்புப் பரப்புக்கு அது வெளிறித் தெரியும், அதனால் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 கூட்டலாம். நான்கும் சேர்ந்து ஆர்ட் பேப்பரில் 300-ஐத் தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும். எந்த அளவு அவர்களுக்குச் சரி என்று உங்கள் அச்சகத்திடமே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது லேமினேஷன், அதாவது அட்டைமேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம். பளபளப்பில்லாத மேட் போட்டால் இருட்டு நிறங்கள் மங்கி ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். எனக்கு ஒரு அட்டையில் இப்படி ஆகி, படகில் இருந்த ஆளே காணாமல் போனான். திரையில் நன்றாகத் தெரிந்தவன்தான். இப்போதெல்லாம் என்ன லேமினேஷன் என்று முதலிலேயே கேட்டு, மேட் என்றால் இருட்டுக்குள் இருக்கும் வேறுபாடுகளைக் கொஞ்சம் கூட்டியே வைக்கிறேன்.

தலைப்பு எழுத்து பிரஸ்ல போட்டுக்குவாங்கல்ல? நாம படத்தை மட்டும் குடுத்தா போதாதா?

போதாது. தொடக்க காலத்தில் அப்படிக் கொடுத்தேன். தலைப்பு கதாநாயகியின் நெற்றிக்கு நேரே வந்து உட்கார்ந்தது, அதுவும் மஞ்சள் பட்டையோடு. இடம் விடாதது என் பிழை. அன்றிலிருந்து தீப்பெட்டிப் படத்திலேயே தலைப்புக்கு ஒரு கட்டை போட்டுவிடுகிறேன். மேல் மூன்றில் ஒரு பங்கு பொதுவாக அதற்குத்தான், ஏனென்றால் கடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அதுதான் வெளியே தெரியும்.

தமிழ் எழுத்துக்கு இடம் கூடுதலாக வேண்டும். 'கி', 'கீ' மேலே எழும், 'கு', 'கூ' கீழே இறங்கும், 'ணை', 'ஞௌ' பக்கவாட்டில் நீளும். ஆங்கிலத் தலைப்புக்கு விட்ட உயரத்தில் இரண்டு வரித் தமிழ் வைத்தால் மேல்வரியின் 'கூ' கொக்கி கீழ்வரியின் புள்ளியில் போய் இடிக்கும். அந்த இடிப்பையே அழகாக்கலாம், ஒன்றை ஒன்றில் கோத்து வரையலாம். அது கையால் எழுதினால்தான் வரும். முடிந்தால் கையால் எழுதுங்கள். இங்கே பாய்மரப் படகுகளிலும் விசைப்படகுகளிலும் பெயர் எழுதுகிறவர்களின் எழுத்தைப் பாருங்கள், வளைந்த பலகையில் நேராகத் தெரியும்படி எழுதுவார்கள்.

ஃபான்ட் பயன்படுத்தினால், ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் டைப் அமைப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்க்ஸ்கேப்பில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வரும், இலவசமும்கூட. எதில் செய்தாலும் அனுப்பும் முன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். அச்சகத்தின் கணினியில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் தலைப்பு வெறும் கட்டங்களாகிவிடும்.

முதுகு, பின்னட்டை, பார்கோடு இதெல்லாம் நம்ம வேலையா?

சுற்றி வரும் ஒரே படம் என்றால் ஆம். நடுவில் பின் அடிக்கும் 48 பக்கப் புத்தகத்துக்கு முதுகு கிடையாது. ஒட்டுகிற புத்தகத்துக்கு உண்டு: 200 பக்கம் என்றால் 100 தாள், ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 10 மில்லிமீட்டர். தாளின் தடிமனை அச்சகத்திடம் கேட்டு வாங்குங்கள், ஊகிக்க வேண்டாம். முகமோ கையோ முதுகின் மடிப்பில் விழாமல் பாருங்கள்.

பார்கோடு வழக்கமான அளவில் சுமார் 37 x 26 மில்லிமீட்டர். வெள்ளை மேல் கறுப்பு என்று வைத்துவிடுங்கள். அழகுக்காகச் சிவப்புக் கோடு போட்டால், சிவப்பு ஒளியால் படிக்கும் ஸ்கேனருக்கு அது தெரியவே தெரியாது.

தண்ணிக்குள்ள கண்ணாடியில இப்படி பிம்பம் விழாதே! சங்கு குளிக்கிறவங்க பார்த்தா ஒத்துக்குவாங்களா?

கீழக்கரையிலிருந்து வந்த ஒரு பையன் கேட்டது. அவன் வாப்பா கடலில் இறங்குகிறவர். அவன் சொல்வது சரி. தண்ணீருக்குள் சில்லில் அவ்வளவு தெளிவான பிம்பம் விழாது. தெரிந்தே வரைந்தேன். அவள் எதைப் பார்க்கிறாள் என்பதையும் அவள் முகத்தையும் ஒரே சட்டத்துக்குள் காட்ட அதுதான் வழி. வாசகர் அதைப் பிம்பமாகப் படிப்பதைவிட, அவள் மனசில் ஓடுவதாகப் படிப்பார்.

ஆனால் இந்தச் சுதந்திரத்தை ஒரு அட்டைக்கு ஒரு முறைதான் எடுப்பேன். அதற்காகவே மற்றதெல்லாம் பிசகாமல் இருக்க வேண்டும். ஆவுளியாவின் பிளந்த வால், விரலில் துணி சுற்றிய விதம், அவள் தலைக்கு மேலே தெரியும் வானம். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் வானம் முழுக்கத் தெரியாது. ஒரு வட்டமான ஜன்னல் போலத் தெரியும், அதற்கு வெளியே நீர்மட்டம் கண்ணாடிபோல அடிக்கடலையே காட்டும். அந்த வட்டத்தைப் பின்னால் சரியாக வைத்திருக்கிறேன். அந்தப் பையன் படத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் அவன் வாப்பாவிடம் காட்டினான். அவர் முதலில் பார்த்தது அந்த வட்டத்தைத்தானாம்.

ஏ.ஐ. கிட்ட கேட்டா அரை நிமிஷத்துல தருதே, எதுக்கு இவ்வளவு பாடு?

நானும் கேட்டுப் பார்த்தேன். வால் வட்டமாக வந்தது, விரலில் துணி இல்லை, முழங்கைவரை ரப்பர் கையுறை போட்டிருந்தாள். திருத்தச் சொல்லலாம்தான். ஆனால் எது தப்பு என்று சொல்ல நான் கரையில் அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு எனக்கே வரையத் தோன்றிவிடுகிறது. எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அந்தப் பகுதிதான். அதை எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஏம்மா, எம்மக இதையே படிக்கணுங்கிறா. இதுல சோறு கிடைக்குமா?

அட்டை மட்டும் வரைந்து குடும்பம் நடத்துவது கடினம், அதை மறைக்க மாட்டேன். பாடநூல் படங்கள், குழந்தைப் புத்தகங்கள், விளம்பர வேலை என்று மற்றதையும் சேர்த்துத்தான் என் மாதம் ஓடுகிறது. ஒரு அட்டைக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஆனால் இதற்காகச் சென்னைக்குக் குடிபோக வேண்டியதில்லை. ரஃப் போனில் போகும், கோப்பு இணையத்தில் போகும். பிள்ளை பட்டப்படிப்பையும் படிக்கட்டும், தினம் இரண்டு மணி நேரம் வரையட்டும். மூன்று வருடத்தில் அவளுக்கே தெரிந்துவிடும்.

வரைஞ்சு குடுத்த அட்டையை அவங்க போஸ்டர், டீசர்ட்னு எல்லாத்துலயும் போடுறாங்க. கேக்கலாமா?

எழுதி வாங்கியதைப் பொறுத்தது. 1957-இன் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பொதுவாகப் படைத்தவரையே முதல் உரிமையாளர் என்கிறது. ஆனால் காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாதபோது சொன்னவருக்கே உரிமை போகும் என்ற பிரிவும் அதில் இருக்கிறது. வேலைக்கு அமர்ந்து சம்பளத்துக்கு வரைந்தாலும் அப்படித்தான். ஆகவே தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் புத்தகத்தின் அட்டைக்கு மட்டும், இத்தனை ஆண்டுக்கு, இந்த மொழியில். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது ஆண்டு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

நான் கூடவே மூன்று வரி சேர்க்கிறேன்: பாதிப் பணம் முன்பணம், ரஃப் நிலையில் இரண்டு திருத்தம், மை போட்ட பிறகு திருத்தம் என்றால் தனிக் கட்டணம். யாரும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை.

அசல் படத்தை அவங்க கேட்டா குடுத்துடணுமா? நாமளே வச்சிருந்தா எப்படிப் பாதுகாக்குறது?

கோப்பைக் கொடுத்தால் அச்சடிக்கலாம். அசல் தாள் அவர்களுக்குத் தேவையில்லை. கேட்டால் அதற்குத் தனி விலை. அசலை விற்பதும் அச்சிடும் உரிமையை விற்பதும் வேறு வேறு, மேலே சொன்ன ஒப்பந்தத்தில் இதையும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

வைத்துக்கொள்வதானால், மேலே டிரேசிங் தாள் ஒன்றை விரித்து, இரண்டு அட்டைக்கு நடுவே பாலிதீன் உறையில் படுக்கைவசத்தில். கடல் பக்கத்துச் சுவரில் அலமாரி வேண்டாம், வாடைக் காலத்தில் அந்தச் சுவர் ஓதம் அடித்துப் போஸ்டர் கலரில் பூஞ்சை பிடிக்கும். மாசி பங்குனியில் ஒருநாள் எல்லாவற்றையும் எடுத்து, நிழலில் விரித்து, ஃபேன் காற்றில் உலர்த்தி, சிலிக்கா பொட்டலத்தை மாற்றி மறுபடி கட்டி வையுங்கள். தீப்பெட்டிப் படங்களையும் அதே உறையில் போட்டு வைக்கிறேன், அடுத்து வரும் பிள்ளைகளுக்குக் காட்ட அவைதான் அதிகம் பயன்படுகின்றன.